சாட்சியம் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் எப்படித் தலைகீழாகிறது?

முன்சீப் கோர்ட்டில் ஜெயித்த நில வழக்கு சப் கோர்ட் அப்பீலில் தோற்றுவிட்டது, புதிதாக ஒரு சாட்சிகூட விசாரிக்கவில்லை, பிறகு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஹைகோர்ட் போனால் தேறுமா என்றும், கிரிமினல் வழக்கிலும் இதே கதைதானா என்றும் கேள்வி. நான் பெரும்பாலும் சிவில் பக்கம் நிற்கிற வக்கீல். அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் மேல்முறையீட்டில் (சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 96) மேல்கோர்ட்டுக்குக் கிட்டத்தட்ட எல்லா அதிகாரமும் உண்டு. சாட்சி சொன்னதை நம்பலாமா, உயிலில் இருக்கும் கையெழுத்து உண்மையா, அனுபவம் யாரிடம் இருந்தது என எதையும் மறுபடி முதலிலிருந்து எடைபோடலாம். சாட்சியைக் கூண்டில் நேரில் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதிதான் என்பதால் அவர் கணிப்புக்கு ஒரு மரியாதை தருவார்கள். ஆனால் அது கட்டாயம் இல்லை. ஆகவே அதே வழக்குக் கட்டை (சாட்சியமும் ஆவணங்களும் அடங்கிய கோப்பை) வேறு ஒருவர் படித்து வேறு முடிவுக்கு வருவதில் சட்டப்படி விசித்திரம் எதுவும் கிடையாது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். ஹைகோர்ட்டுக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீடு, அதாவது பிரிவு 100, வேறு ஜாதி. 1976 திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால்தான் அங்கே வழக்கே நிற்கும். அந்தக் கேள்வியை ஹைகோர்ட் எழுத்தில் வகுக்க வேண்டும். வகுக்காமல் சொன்ன தீர்ப்புகளை உச்சநீதிமன்றம் எத்தனையோ முறை ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கிறது. ‘என் சாட்சியை சப் கோர்ட் நம்பவில்லை’ என்பது சட்டக் கேள்வி ஆகாது. நம் கட்சிக்காரர்கள் பலர் கீழே அசட்டையாக நடத்திவிட்டு, எல்லாம் ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். கையில் இருந்த பத்திரத்தைக் கீழ்க்கோர்ட்டில் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு அப்பீலில் நீட்டினாலும் அதே சட்டத்தின் கட்டளை 41 விதி 27 குறுக்கே நிற்கும். அப்பீலில் அதை ஏற்க, கீழ்க்கோர்ட் அதைத் தவறாக மறுத்திருக்க வேண்டும், அல்லது எவ்வளவு முயன்றும் அது அப்போது கிடைக்காமல் இருந்திருக்க வேண்டும், அல்லது தீர்ப்புச் சொல்ல அது வேண்டும் என்று மேல்கோர்ட்டுக்கே தோன்ற வேண்டும்.

சட்டக் கேள்வி என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 2022 ஜனவரியில் உச்சநீதிமன்றம் முடித்த தமிழ்நாட்டுப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று போதும். சொத்து 1938இல் கோர்ட் ஏலத்தில் ஒருவர் தனியாக வாங்கியது. அவருக்கு ஒரே மகள். அவர் தம்பியின் வாரிசுகளுக்குள் பங்குத் தகராறு. 1/5 பங்கு கேட்ட வழக்கை 1994இல் கீழ்க்கோர்ட் தள்ளியது, 2009இல் ஹைகோர்ட்டும் தள்ளியது. ஏலத்தில் அவர் தனியாக வாங்கினார் என்ற சங்கதியை உச்சநீதிமன்றம் தொடவே இல்லை. அங்கே எழுந்த சட்டக் கேள்வி இதுதான்: சுயசம்பாத்தியச் சொத்து, உயில் எழுதாமல் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பேகூட மகளுக்குப் போகுமா, தம்பி மகனுக்குப் போகுமா? மகளுக்கே என்று சொன்னதும் இரண்டு தீர்ப்பும் போயிற்று. அதற்குள் மேல்முறையீடு செய்தவர் இறந்து, அவருடைய வாரிசுகள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

கிரிமினலில் சங்கதியை அலசும் கதவு இன்னும் அகலம். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் ஹைகோர்ட் சாட்சியம் முழுவதையும் மறுபடி அலசியாக வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கு நம் எல்லோருக்கும் தெரியும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா வழக்கு என்பதால் அப்பீல் நேராக உச்சநீதிமன்றம் போனது. 1999 மேயில் 4 பேருக்குத் தூக்கு உறுதி, 3 பேருக்கு ஆயுள், மீதி 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பு. வழக்குக் கட்டு அதேதான்.

ஆனால் விடுதலையை எதிர்த்து அரசு அப்பீல் போனால் காற்று எதிர்ப்பக்கம் வீசும். குற்றவாளி அல்ல என்ற அனுமானம் விடுதலையால் இரட்டிப்பாகிறது. இரண்டு விதமாகவும் முடிவெடுக்க இடமிருந்தால், கீழ்க்கோர்ட் எடுத்த முடிவை மேல்கோர்ட் அசைக்கக் கூடாது. 2007இல் ஒரு கர்நாடக வழக்கில் உச்சநீதிமன்றம் தொகுத்துச் சொன்ன இந்த விதிகளைத்தான் இன்றும் எல்லா வாதத்திலும் கேட்கலாம். அப்படியும் விடுதலையை மாற்றி ஹைகோர்ட் பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை தந்தால், உச்சநீதிமன்றம் போவது அந்த எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) உரிமை, தனி அனுமதி வேண்டியதில்லை. புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததால் 2024 ஜூலை 1 முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த விதிகள் மாறவில்லை.

நில வழக்குக்காரர்கள் சறுக்கும் இன்னொரு இடம். போலிப் பத்திரம் என்று போலீஸ் வழக்கு ஓடி, எதிரி விடுதலையானதும் ‘பத்திரம் அசல்னு கோர்ட்டே சொல்லிடுச்சு’ என்பார்கள். சொல்லவில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். சிவிலில் எது அதிகம் நம்பத்தக்கது என்றுதான் பார்ப்பார்கள். ஒரு பக்கத்து முடிவு மறு பக்கத்தைக் கட்டாது என்று 2005இல் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது.

இனி உங்கள் வழக்கு. சப் கோர்ட் தீர்ப்பை எடுத்து, முன்சீப் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக அது எதிர்கொண்டதா என்று பாருங்கள். மாற்றி எழுதும் அப்பீல் கோர்ட், கீழ்க்கோர்ட்டின் காரணங்களுக்கு நேருக்கு நேர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது 2001 உச்சநீதிமன்றத் தீர்ப்பு. முக்கியமான ஒரு பத்திரத்தைப் பார்க்கவே இல்லை, நிரூபிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் தவறாகக் கட்டியிருக்கிறது என்றால் அதுதான் உங்கள் சட்டக் கேள்வி. எல்லாவற்றையும் அலசி, காரணம் சொல்லி மாற்றியிருந்தால், நேர்மையாகச் சொல்கிறேன், வாய்ப்பு குறைவு.

கெடு 90 நாள். சான்றிட்ட நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் அதில் சேராது, ஆகவே நகல் மனுவை உடனே போடுங்கள். அப்பீல் போட்டதாலேயே எதுவும் நின்றுவிடாது. நீங்கள் பிரதிவாதி என்றால் ஸ்டே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாதி என்றால் உங்கள் தாவாவே தள்ளுபடியாகியிருக்கும், நிறுத்தி வைக்க அங்கே எதுவும் இல்லை. அப்பீல் முடியும் வரை எதிர்த்தரப்பு நிலத்தில் கை வைக்காமல் இருக்க இடைக்காலத் தடையுத்தரவுதான் கேட்க வேண்டும்.