மீன் வளம் குறைய யார் காரணம்: பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களா, வணிகப் படகுகளா?

மீனைப் பொறுத்தது. கடலில் பிடிபடும் மொத்த எடையைப் பார்த்தால் வணிகப் படகுகளின் பங்குதான் மிகப் பெரியது. ஆனால் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் சில மீன்களில் கணக்கே வேறு.

மெக்சிகோ வளைகுடாவில் கிடைக்கும் ரெட் ஸ்னாப்பர் என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவில் வணிகத்துக்கு 51%, பொழுதுபோக்குக்கு 49% எனப் பிரித்தார்கள். 2007 முதல் வணிகப் படகுகளுக்குத் தனித்தனி ஒதுக்கீடு வந்தது. யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது எடையோடு பதிவாகிறது. தூண்டில்காரர்கள் பிடிப்பதைப் பெரும்பாலும் மாதிரிக் கணக்கெடுப்பு வைத்தே மதிப்பிட முடியும். அளவைத் தாண்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்களின் மீன்பிடிப் பருவத்தைச் சுருக்கிக்கொண்டே போய், 2017இல் அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பகுதியில் சொந்தப் படகுக்காரர்களுக்கு முதலில் மூன்றே நாள் என்று அறிவித்தார்கள். கோபம் வராதா என்ன? பிறகு அதை நீட்டித்தார்கள்.

இந்தச் சண்டையில் இருவருமே பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு: பிடித்து விட்டுவிட்ட மீன். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுத்தால் அதன் காற்றுப்பை ஊதிவிடும். விடுவித்தாலும் கீழே இறங்க முடியாமல் மிதந்து சாகும். அது எந்தத் தராசிலும் ஏறாது. எடையைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிடும் கருவி இருக்கிறது, விலையும் அதிகமில்லை.

அப்புறம் இறால் மடி, அதாவது இறால் பிடிக்கும் இழுவலை. அதில் சிக்கி ஏராளமான ஸ்னாப்பர் குஞ்சுகள் அழிந்தன. இறால் படகுகளும் வணிகப் படகுகள்தான், ஆனால் அவை ஸ்னாப்பரைத் தேடிப் போவதில்லை; அந்தப் பழியை ஸ்னாப்பருக்காகச் சண்டையிடும் இரண்டு தரப்பில் யார் மீதும் போட முடியாது.