ஆறு வருட பாலிசியை விட்டுவிடலாமா?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2020-இல் எனக்கும் கணவருக்கும் 5 லட்ச ரூபாய்க்கு ஆரோக்ய சஞ்சீவனி மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்தோம். இதுவரை க்ளெய்ம் இல்லை. போனஸ் சேர்ந்து 6.5 லட்சம் ஆகியிருக்கிறது. கணவருக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு இரண்டு பல்லில் ரூட் கெனால் செய்ய வேண்டும். பல் செலவுக்கும் இப்படித் தொகை ஏறுமா? இதை நிறுத்திவிட்டு வேறு கம்பெனியில் பல் வைத்தியமும் சேர்த்து 10 லட்சத்துக்கு எடுக்கலாம் என்கிறார் ஏஜென்ட்."

பல்லுக்கு ஏறாது. போனஸ், ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கான தொகையில்தான் சேரும். ரூட் கெனால் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து முடிகிற வேலை, இந்தப் பாலிசியில் வராது. ஏஜென்ட் சொல்லும் பல் வைத்தியம் பெரும்பாலும் தனி பிரீமியம் கட்டி வாங்கும் வெளிநோயாளி இணைப்பு. வருடத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்திருப்பார்கள். இரண்டு பல்லுக்காகப் பாலிசியை மாற்றாதீர்கள். கையிலிருந்தே செய்துகொள்ளுங்கள்.

உங்கள் பாலிசியில் க்ளெய்ம் இல்லாத வருடத்துக்கு 5 சதவீதம், அதாவது 25,000 ரூபாய் கூடும். மொத்தம் 50 சதவீதம் வரை. க்ளெய்ம் செய்தால் போனஸ் அதே அளவில் குறையும், அடிப்படை 5 லட்சத்தை யாரும் தொட முடியாது. ஆனால் அறை வாடகை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய்தான், போனஸ் எவ்வளவு ஏறினாலும். 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் 3,000 மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். சர்ஜன் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

சரி, ஏஜென்ட் விஷயம். 'நிறுத்திவிட்டுப் புதிதாக எடுங்கள்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். அவருக்கு அது புது பிசினஸ். உங்கள் கணவரின் சர்க்கரைக்கோ காத்திருப்புக் காலம், அதாவது ஏற்கெனவே உள்ள நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காலம், மறுபடி முதலிலிருந்து ஓடும். இப்போதைய விதிப்படி அது 3 வருடம் வரை போகலாம். இன்னொன்றும் போகும். 60 மாதம் தொடர்ந்து கட்டியவரிடம், மோசடி நிரூபணமானால் தவிர, 'அப்போதே நோயை மறைத்தீர்கள்' என்று கம்பெனி கிளப்ப முடியாது. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அதைப் போய் யாராவது தூக்கி எறிவார்களா?

மாற்றியே ஆக வேண்டுமென்றால் 'போர்ட்டிங்', அதாவது காத்திருந்த வருடங்களை இழக்காமல் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றுவது, என்று எழுதிக் கேளுங்கள், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னால். புதுக் கம்பெனி மறுக்கவும் செய்யலாம். அதனால் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வரும்வரை பழையதை விடாதீர்கள்.

போர்ட்டிங்கிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காத்திருந்த வருடங்களுக்கான சலுகை பழைய தொகைக்கு மட்டும்தான், உங்களுக்கு போனஸோடு 6.5 லட்சம். 10 லட்சமாக்கினால் மேலே கூட்டிய 3.5 லட்சத்துக்கு எல்லாம் புதிதாகத் தொடங்கும். அடுத்த வருடமே கணவருக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து 9 லட்சம் செலவானால், 6.5 லட்சம் வரைதான் கேட்க முடியும். மீதி உங்கள் தலையில். விபத்துக்குக் காத்திருப்பு கிடையாது, அதனால் அதே 9 லட்சம் ஒரு விபத்தால் வந்தால் முழு 10 லட்சம் வரை கேட்கலாம். நோய்க்கு ஒரு கணக்கு, விபத்துக்கு ஒரு கணக்கு. இப்போதைய கம்பெனியிலேயே தொகையைக் கூட்டினாலும் இதே கதைதான்.

இதையெல்லாம் பாலிசி விற்கும்போதே சொல்ல வேண்டாமா? பாலிசியின் முக்கிய விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று தர வேண்டும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும். கேட்காதவருக்கு ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பல பக்கங்கள்தான் கிடைக்கின்றன. மக்கள் கட்டுகிற பணத்துக்கு இந்த மரியாதைகூட இல்லை. நீங்கள் கம்பெனிக்கு ஈமெயில் போட்டு அந்தத் தாளைத் தமிழில் வாங்குங்கள். அதில் அறை வாடகை வரம்பைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏஜென்டிடம் பேசுங்கள்.