வீட்டிலிருந்தே படித்தால் போதாதா?

அன்புள்ள அக்கா,

அந்தக் காலத்திலேயே டாக்டருக்குப் படித்த முத்துலட்சுமி ரெட்டி, விதவைப் பெண்களைப் படிக்க வைத்த சகோதரி சுப்புலட்சுமி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு 39 வயது, திருமயம் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். இப்போது மகள் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். அவள் கொடுத்த தைரியத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்துவிட்டேன். சனி, ஞாயிறு புதுக்கோட்டையில் வகுப்பு உண்டு. "புத்தகம்தான் வீட்டுக்கே வந்துவிட்டதே, படித்துப் பரீட்சை எழுத வேண்டியதுதானே, எதற்கு அலைச்சல்?" என்கிறார் வீட்டுக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று. முத்துலட்சுமியின் அப்பா கல்லூரி முதல்வர். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதையில் என்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

வகுப்புக்குப் போங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முத்துலட்சுமியின் அப்பா முதல்வர்தான். ஆனால் அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அதனால் அப்பாவின் பதவி மட்டும் மகளுக்குப் போதவில்லை. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டிலேயே படித்துத்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற வழி அவருக்கும் தெரிந்த வழிதான். அதோடு அவர் நின்றிருக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேரக் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சம்மதித்த பிறகே இடம் கிடைத்தது. மூடு வண்டியில் போய், பையன்கள் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். அப்படிப் போனவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர், 1927இல் சட்டமன்றம். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே அவர் பேசிய பேச்சுக்கு அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்த நாட்களும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சகோதரி சுப்புலட்சுமியும் முத்துலட்சுமி பிறந்த அதே 1886இல் பிறந்தவர். சிறுமியாகவே விதவையானவர். 1911இல் பி.ஏ. தேறியதும் நான்கு விதவைப் பெண்களை எழும்பூர் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். அதுதான் பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு வந்த விடுதி. அங்கே பிராமண விதவைகளை மட்டுமே சேர்த்தார்கள். அந்தக் குறையை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போன காலம். அப்போது அந்தப் பெண்கள் கையில் புத்தகத்தோடு தெருவில் நடந்தார்கள். 1927இல் வயது வந்த பெண்களுக்கென்றே மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். 39 வயதில் படிப்பா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அப்பா முதல்வர் இல்லாத பெண்களின் கதையும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துச் சொல்லிக்கொடுத்த இயக்கம் சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள்.

என் பெரியம்மா கீரனூர் பக்கம். இருட்டிய பிறகு களத்துமேட்டில் வாடகை சைக்கிளில் பழகுவார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, முதலில் பையன்களைப் போலக் குரங்கு பெடல். பெடல் அடித்துக் கெண்டைக்காலெல்லாம் தோல் உரிந்திருக்கும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு மறுநாளும் போவார். லேடீஸ் சைக்கிள் வேண்டாம் என்று ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வாங்கினார். முன்கம்பியில் தம்பியை உட்கார வைக்கலாம், பின்னால் இரண்டு குடம் கட்டலாம். அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பெரியப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பார். அப்புறம் காத்திருக்கவில்லை. பெரியம்மா கற்றுக்கொண்ட எழுத்தில் பாதி மறந்துவிட்டது. யாரையும் கேட்காமல் கிளம்பிப் போகிற பழக்கம் கடைசிவரை போகவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் அலைச்சல் என்கிறாரே, அதுவும் படிப்புதான். வீட்டில் புத்தகத்தைப் பிரித்தால் குக்கர் கூப்பிடும், மாமியார் கூப்பிடுவார், கூரியர்காரர் கூப்பிடுவார். வகுப்பில் அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கலாம். உங்களைப் போலவே இருபது வருஷம் கழித்துப் பேனா பிடித்தவர்கள் நான்கு பேராவது இருப்பார்கள். செலவைச் சொன்னால், சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று நினைவுபடுத்துங்கள். சனிக்கிழமைச் சமையலை மகளும் அவரும் பார்த்துக்கொள்ளட்டும். சண்டை போட வேண்டாம், வெள்ளிக்கிழமை இரவே சொல்லிவிடுங்கள்.

முதல் வகுப்பு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா