புயல் நாளில் கடல்நீர் வீட்டுக்குள் வருமா: கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்வி: கடலோடு சேரும் ஒரு கால்வாயை ஒட்டிய தரைத்தள வீட்டில் வசிக்கிறோம். சென்ற பௌர்ணமியன்று மழையே இல்லாமல் குளியலறைத் துளை வழியாகத் தண்ணீர் பொங்கி, தரையில் நான்கு விரற்கடை நின்று, சில மணி நேரத்தில் தானாக வடிந்தது. இப்போது புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது. அன்றைய ஓத ஏற்றம், அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவதில் எட்டும் உச்சம், 2.0 மீட்டர் என்று ஓத அட்டவணை சொல்கிறது. வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதுமா? எப்போது வெளியேற வேண்டும்?

பதில்: மழையில்லாத நாளில் குளியலறைத் துளை வழியாக நீர் வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான செய்தி. வடிகால் குழாய் கால்வாயில் முடிகிறது. ஏற்றத்தின்போது கால்வாயின் நீர்மட்டம் உங்கள் தரையைவிட உயர்ந்தால், வெளியேற வேண்டிய நீர் அதே குழாய் வழியாக உள்ளே திரும்பும். வாசல் மூட்டைகள் உலர்ந்திருக்க, வீடு உள்ளிருந்தே நிரம்பிவிடும். எனவே முதலில் அடைக்க வேண்டியது துளைகளைத்தான். நிலையான தீர்வு, பிளம்பர்கள் நான்-ரிட்டர்ன் வால்வு என்று சொல்லும் ஒருவழி வால்வைக் குழாயில் பொருத்துவது. அதற்கு இப்போது நேரமில்லையென்றால், கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பித் துளையின் மேல் அழுத்தி வையுங்கள். வெளியே நீர் தரையைவிட அரை மீட்டர் உயர்ந்தால், 10 செ.மீ. அகலமுள்ள துளையில் அது ஏறத்தாழ 4 கிலோ எடைக்கு நிகரான விசையோடு மேலே தள்ளும். ஆகவே மூட்டை 10 கிலோவுக்குக் குறையக் கூடாது; வெறும் துணியைத் திணித்தால் நிற்காது. கழிப்பறைக் கோப்பையையும் இவ்வாறே அடையுங்கள்.

அடுத்தது அந்த 2.0 மீட்டர். இந்த எண்ணைப் பலர் தங்கள் தெருவின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். ஓத அட்டவணையின் உயரம் கடல்வரைபடத்துக்கென வைத்திருக்கும் தாழ்ந்த ஓர் அடிமட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. அதற்கும் உங்கள் வாசற்படிக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வழியைச் சென்ற பௌர்ணமியே உங்களுக்குக் காட்டிவிட்டது. அன்று அட்டவணையில் என்ன உயரம் இருந்தது என்று பாருங்கள். 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையில் நின்ற நீர் சுமார் 7 செ.மீ. என்றால், உங்கள் குளியலறைத் தரை அந்த அளவுகோலில் ஏறத்தாழ 2.03 மீட்டரில் இருக்கிறது. இந்த ஓர் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். எந்த எச்சரிக்கை வந்தாலும் இனி இதோடு ஒப்பிட்டால் போதும்.

அட்டவணை நிலவும் சூரியனும் இழுக்கும் இழுப்பை மட்டுமே கணக்கிடுகிறது; புயல் அதில் இல்லை. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். அதைவிடப் பெரியது, கரையை நோக்கி வீசும் காற்று ஆழமற்ற கடலில் நீரைக் குவிப்பதால் ஏற்படும் உயர்வு. இவை இரண்டும் சேர்ந்ததே புயல் எழுச்சி. முன்னறிவிப்பில் எழுச்சி அரை மீட்டர் என்றால், ஏற்ற நேரத்தில் 2.0 உடன் 0.5 சேர்ந்து 2.5 ஆகும், உங்கள் குளியலறையில் ஏறத்தாழ முழங்கால் அளவு நீர் நிற்கும். அதே எழுச்சி, வற்றத்தின்போது, அதாவது கடல் இறங்கி அட்டவணையில் 0.6 இருக்கும் வேளையில் வந்தால் மொத்தம் 1.1 மீட்டர்தான், ஒரு சொட்டும் உள்ளே வராது. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க் துறைமுகத்தில் ஏறத்தாழ 2.9 மீட்டர் எழுச்சியை உண்டாக்கியபோது, அது பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டதால்தான் சுரங்க ரயில் பாதைகள் வரை கடல் புகுந்தது. ஆகவே புயலின் வேகத்தைக் கேட்பதைப் போலவே, அது கரையைக் கடக்கும் நேரத்துக்கும் ஏற்ற நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலை எகிறுவதும் மழைநீர் வடியாமல் தேங்குவதும் இந்தக் கணக்கில் சேராதவை என்பதால், குறைந்தது 20 செ.மீ. கூட்டிக்கொள்வதே என் வழக்கம். எழுச்சி வழக்கமான ஓதத்துக்கு மேல் எவ்வளவு என்று சொல்லப்படுகிறதா, தரைக்கு மேல் எவ்வளவு என்று சொல்லப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள். தரைக்கு மேல் என்று சொன்னால் அதோடு ஓதத்தைக் கூட்டக் கூடாது.

வெளியேறும் நேரத்தை வீட்டுத் தரையை வைத்து முடிவு செய்யாதீர்கள்; தெருவின் மிகத் தாழ்ந்த இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வீடு நனையும் முன்பே பாதை மூழ்கிவிடும். ஓடும் நீர் 15 செ.மீ. ஆழமிருந்தாலே நடப்பவர் கால் வழுக்கி விழக்கூடும், 30 செ.மீ. சிறிய காரை இழுத்துச் செல்லப் போதுமானது. கணக்கு அந்தத் தாழ்ந்த இடத்தின் உயரத்தைத் தாண்டினால், ஆபத்தான ஏற்றத்துக்கு முந்தைய வற்றத்திலேயே, வெளிச்சம் இருக்கும்போது கிளம்பிவிடுங்கள். அதிகாரிகள் அதற்கு முன்பே வெளியேறச் சொன்னால் இந்தக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே புறப்படுங்கள். கிளம்பும்போது மின் இணைப்பின் மெயின் ஸ்விட்சை உலர்ந்த தரையில் நின்று அணையுங்கள். மின்சார ஸ்கூட்டர் இருந்தால் மேடான இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். உப்புநீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி பல நாட்களுக்குப் பிறகும் தீப்பிடிக்கக் கூடும்.

நீர் வடிந்தவுடன் திரும்பிவிடாதீர்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்தில் அடுத்த ஏற்றம் வரும். முதல் ஏற்றத்தின் நீர் முழுதாக வடியாத நிலையில் வரும் இரண்டாவது ஏற்றம் சில சமயம் அதிக உயரத்துக்குப் போகும். திரும்பிய பிறகு, கிணற்றில் கடல்நீர் புகுந்திருந்தால் பம்பு வைத்து ஒரேயடியாக இறைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் நிலத்தடியில் மேலே மிதக்கும் நன்னீர் தீர்ந்து, அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். ஒரு முறை மெதுவாக இறைத்துச் சுத்தம் செய்துவிட்டு, நல்ல மழைகள் பெய்து உப்பு தணியும்வரை குடிப்பதற்கு வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.