சக்யூலென்ட் கவாத்து: காயம் காயும் காலம்

கேள்வி: குளிர் அதிகமான ஊரில் வசிக்கிறேன். ஜன்னலோரம் வைத்திருக்கும் எச்செவெரியாவும் ஜேட் செடியும் குளிர்காலம் வந்ததிலிருந்து நெடுநெடுவென்று வளர்ந்து, இலைகள் விலகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. போன குளிர்காலத்தில் இப்படி நீண்ட ஒரு செடியின் தலையை வெட்டி நட்டேன். நட்ட துண்டு, அடித்தண்டு இரண்டுமே கறுத்து அழுகிவிட்டன. எப்போது, எப்படி வெட்டுவது?

பதில்: செடி அழுகியதற்கு நீங்கள் வெட்டிய காலமே முக்கியக் காரணம். சக்யூலென்ட் என்பது இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி; அதன் தண்டு முழுக்க நீர். வெட்டுவாய் காய்ந்து தோல்போல மூடிக்கொண்டால்தான் பூஞ்சை உள்ளே போகாது. வெதுவெதுப்பும் காற்றோட்டமும் இருந்தால் சில நாளில் மூடிவிடும். குளிரும் ஈரக்காற்றும் சேர்ந்தால் இரண்டு வாரம் ஆனாலும் ஆறாது. அதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். இன்னொன்று, வெளிச்சம் போதாமல்தான் உங்கள் செடி நீண்டிருக்கிறது. அதே வெளிச்சத்தில் வெட்டினால் புதுத் துளிரும் நீண்டுதான் வரும்.

அதனால் இப்போதைக்குத் தொட்டியை நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். நீண்ட தண்டு இதனால் குட்டையாகாது, மேலும் நீளாமல் நிற்கும். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்து, நடுக்குருத்தில் புது இலை தெரிந்தால் அதுதான் கவாத்துக்கு நேரம். பெரும்பாலும் வசந்தத்தின் நடுவிலிருந்து கோடைத் தொடக்கம் வரை. முதல் உறைபனிக்கு ஆறு, எட்டு வாரம் இருக்கும்போதே வெட்டுவதை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் வரும் துளிர் முற்றுவதற்குள் குளிரில் கருகிவிடும். ஏயோனியம் என்ற சக்யூலென்ட் வகை இதற்கு விலக்கு. அது கடுங்கோடையில் உறங்கி, குளுமையில் வளரும். உறைபனி படாத இடத்தில் இருந்தால் இலையுதிர் காலத் தொடக்கத்தில் அதை வெட்டலாம்.

எச்செவெரியாவுக்கு: வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கூரான மெல்லிய கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, ஒரு செடி முடித்து அடுத்ததைத் தொடும் முன் மறுபடி துடையுங்கள். மொண்ணைக் கத்தரி தண்டை நசுக்கும்; நசுங்கிய இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். இலையடுக்குக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. தண்டு விட்டு, ஒரே வீச்சில் வெட்டுங்கள். மீதமுள்ள அடித்தண்டில் நான்கைந்து இலைகளாவது இருக்கட்டும், பக்கத்துளிர் இலைக்கணுவிலிருந்துதான் கிளம்பும். இலைமேல் வெள்ளைப் பூச்சுபோல் இருக்கும் மெழுகைத் தொடாதீர்கள். விரல்தடம் பட்டால் அந்த இலையில் அது திரும்ப வராது.

ஜேட் செடி இதைவிடச் சுலபம். தண்டில் வளையம் வளையமாகத் தெரிவது கணு. அதற்குச் சற்று மேலே வெட்டினால் கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு கிளை வரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

வெட்டிய துண்டின் அடியிலைகளை நீக்கி, நேர்வெயில் படாத உலர்ந்த அறையில் ஒரு வாரம் வையுங்கள். வெட்டுவாய் தொட்டால் கட்டியாக, உலர்ந்து இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் இன்னும் பொறுங்கள். பிறகு தொட்டிமண்ணும் பருமணலும் (அல்லது பெர்லைட்டும்) சம அளவு கலந்து நடுங்கள். லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும் அளவு வேர் வந்தபின்தான் தாராளமாகத் தண்ணீர். இரண்டு மூன்று வாரம் ஆகும். தாய்ச்செடிக்கும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பட்டைத்தூள், மஞ்சள் தடவச் சொல்வார்கள். காற்று உலர்ந்திருந்தால் அவை தேவையில்லை, ஈரமாக இருந்தால் அவை காப்பாற்றுவதும் இல்லை.

கற்றாழை, ஆனைக்கற்றாழை, ஹவோர்த்தியா ஆகியவற்றின் தலையை வெட்டாதீர்கள். நடுக்குருத்து போனால் வளர்ச்சி நின்று, செடியின் வடிவமே கெட்டுவிடும். காய்ந்த அடியிலையை நீக்குவதும் பக்கக் கன்றைப் பிரிப்பதும் போதும். வெட்டினால் பால் வடியும் கள்ளி வகைகளை வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்தப் பால் கண்ணில் பட்டால் மிக ஆபத்து. உடனே நீரால் நன்றாகக் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

குளிர்காலத்திலும் செய்ய வேண்டியவை இரண்டு. காய்ந்த அடியிலைகளை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். ஈரமும் மாவுப்பூச்சியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தண்டு கறுத்துக் குழைந்தால் வசந்தத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். முகம் முழுக்கச் சுத்தமாகத் தெரியும்வரை இப்படியே மேலேறி, மிஞ்சிய தலையை வீட்டிலேயே மிகக் கதகதப்பான, உலர்ந்த அறையில் காயவையுங்கள். நடுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டாலும், பருத்த இலைகளில் உள்ள நீரைக் கொண்டே தலை பல வாரம் தாங்கும்.