வரையாட்டுக்கு இனி மேலே ஏற இடமில்லை

அழிந்துவரும் விலங்குகளுக்கு மனிதர்களால் ஆபத்து அதிகமா, பருவநிலை மாற்றத்தாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளும் பாறைச் சரிவுகளும்தான் அதன் வீடு. ஆங்கிலேயர் காலம் தொட்டு அங்கே தேயிலை, யூகலிப்டஸ், சீகை (வாட்டில் எனும் வெளிநாட்டு மரம்) என்று நட்டுத் தள்ளினோம். இதில் சீகை மரம் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை பரவி, பக்கத்துப் புல்லையும் மூடிவிட்டது. ஆட்டுக் கூட்டங்கள் தனித்தனி மலைகளில் துண்டுபட்டுக் கிடக்கின்றன.

அப்புறம்தான் வெப்பம். சூடு கூடினால் அடிவாரத்து விலங்கு மேலே ஏறலாம். வரையாடு ஏற்கெனவே உச்சியில் நிற்கிறதே! பக்கத்து மலைக்குப் போகலாமென்றால் இடையில் தோட்டமும் சாலையும். தமிழக அரசு 2022-இல் வரையாட்டுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது. அதில் சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதுதான் முதல் வேலை என்பேன்.