துப்பாக்கி வைத்திருக்க முடியாத நாட்டிலிருந்து போய்க் கைத்துப்பாக்கிப் பயிற்சி எடுப்பதில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பினாங்கில் வசிப்பவர். அமெரிக்காவில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, அங்கே நான்கைந்து நாள் நடத்தும் தற்காப்புக் கைத்துப்பாக்கிப் பயிற்சியில் சேரலாமா, திரும்பி வந்தபின் அதனால் இங்கே ஏதாவது பயன் உண்டா என்று கேட்கிறார்.

நானும் பினாங்குக்காரிதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சிப் தொழிலில் வேலை. அதே சிப் தொழிலில் இருந்த என் அண்ணன், அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லருக்கு மாறிப் போய்ப் பல வருடமாகிறது. அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படியொரு வகுப்பில் நானும் சேர்ந்தேன். கையில் பணமும் மனத்தில் பொறுமையும் இருந்தால் நீங்களும் சேருங்கள் என்பதே என் பதில். டமால் டமால் என்று சுட்டுப் பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். சுடுதிடலில் வாடகைத் துப்பாக்கியால் ஒரு மணி நேரம் சுட்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டு, மீதிப் பணத்தில் கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு வாருங்கள்.

எப்படியானாலும் சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம்மவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் உள்ளே வந்த வெளிநாட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கவே கூடாது. வாடகைத் துப்பாக்கிக்கும் அதே தடைதான். 2022இல் சட்டத்தைத் திருத்தியபின் இதற்கான உச்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை. விதிவிலக்குகள் சில உண்டு. சுற்றுலாப் பயணிக்குக் கைகொடுப்பது, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே எறும்பைக்கூட மிதிக்கத் தயங்கும் நான் அரிசோனா அரசிடம் வேட்டை உரிமம் வாங்கினேன். இணையத்திலேயே கிடைக்கிறது. "தண்ணீர்மலை முருகனுக்கு விரதம் இருந்துவிட்டு வந்தவள், இப்போது மான் வேட்டைக்கா?" என்று அண்ணி கேட்டுச் சிரித்தார். சிங்கப்பூர், புருணை குடிமக்கள் விசா விலக்குத் திட்டத்தில் நுழைவதால் இந்தத் தடை அவர்களைத் தொடுவதில்லை. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். அதனால் உரிமமும் வேண்டும். பணம் கட்டுமுன் பள்ளிக்கு எழுதி, வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா, என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்று எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். பொதுமக்களுக்கான இத்தகைய பயிற்சிக்கு அரிசோனா ஒரு தாய்வீடு. மரைன் படையில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் 1976இல் பால்டன் என்ற சிற்றூர் அருகே பள்ளி தொடங்கினார். பின்னால் வந்த பள்ளிகள் பலவும் அவர் வகுத்த பாடங்களைத்தான் கூட்டியும் குறைத்தும் நடத்துகின்றன. நான் சேர்ந்தது வேறு பள்ளி. அங்கும் அவருடைய நான்கு பாதுகாப்பு விதிகளைக் காலைதோறும் ஒப்பிக்கச் சொன்னார்கள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே கொள். அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல் வாயைத் திருப்பாதே. துப்பாக்கியின் குறி இலக்கின் மேல் படியும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு.

கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். நான்கில் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்ற மூன்றும் சேர்ந்து உயிர்ச்சேதத்தைத் தடுத்துவிடும். ஆளுக்கு அடிபட வேண்டுமானால் ஒரே நேரத்தில் இரண்டையாவது மீற வேண்டும். தொழிற்சாலையில் அடுக்கடுக்காகப் பாதுகாப்பை வடிவமைப்பதே வேலையாக இருக்கும் எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது.

முதல் நாளின் பெரும்பகுதி தோட்டாவே இல்லாமல் கழிந்தது. நிற்பது, பிடிப்பது, இடுப்பு உறையிலிருந்து எடுப்பது, நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் சேர்ப்பது, நீட்டுவது, விசையை அழுத்துவது, மறுபடியும் உறை. சங்கீதம் கற்றவர்களுக்குச் சரளி வரிசை நினைவுக்கு வரும். எனக்கு அலுக்கவில்லை, எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் நண்பகலுக்குள் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னால் இழுப்பதற்குக் கைவலிமை போதாதே என்று பெண்கள் பயப்பட வேண்டாம். ஒரு கையால் மேல்பகுதியைப் பற்றிக்கொண்டு, பிடியைப் பிடித்திருக்கும் கையை முன்னோக்கித் தள்ளினால் எளிதாக வந்துவிடும். சிறிய கைக்காரர்கள் வகுப்புக்கு முன்பே இரண்டு மூன்று மாதிரிகளைப் பிடித்துப் பார்த்து, விரல் விசையை ஒழுங்காக எட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சுடத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே வியாதி. வெடிக்கப்போகிறது என்று உடம்பு முந்திக்கொண்டு இறுகுகிறது, குழல் வாய் தாழ்கிறது, குண்டு இலக்கின் கீழ்ப்பக்கம் போய் விழுகிறது. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டாவைக் கலந்து தருவதுதான் இதற்கு மருந்து. எது எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. போலித் தோட்டா வரும்போது வெடி இல்லை, உதைப்பு இல்லை. நம் கை தானாகக் குனிவதை நாமே கண்ணால் பார்க்கிறோம். பார்த்தபின் வெட்கமே பாதி குணமாக்கிவிடுகிறது. மீதிக்கு, பார்வையை இலக்கிலிருந்து பிரித்துக் குழலின் முன்முனைக் குறியில் நிறுத்திவிட்டு, விசையை மெதுவாக, எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியாதபடி அழுத்தப் பழக வேண்டும். தோட்டா சிக்கிக்கொண்டால் அடித்து, இழுத்து, மறுபடி தயாராகும் பயிற்சியும் உண்டு. அதை நூறு முறை செய்ய வைப்பார்கள், விவரிக்க ஒன்றுமில்லை.

உடைக்குக் கழுத்தை ஒட்டிய சட்டையும் விளிம்புள்ள தொப்பியும் கட்டாயம். சுட்டதும் துள்ளி விழும் வெற்றுக் கூடு அனலாய்க் கொதிக்கும். அகன்ற கழுத்துள்ள குர்த்தாவுக்குள் அது விழுந்தால், துப்பாக்கியோடு கை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. துப்பாக்கி வெடியின் சத்தம் சுமார் 160 டெசிபல். 140ஐத் தாண்டினாலே காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். பஞ்சுபோன்ற அடைப்பானைக் காதுக்குள் வைத்து, மேலே காதுமூடியும் போடுங்கள். சாப்பிடுமுன் கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள், ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும்.

இனி, நான் கொடுத்த பணத்துக்கு உண்மையில் ஈடாக இருந்த பகுதி. சால்ட் லேக் சிட்டி போலீஸில் சார்ஜண்டாக இருந்த டென்னிஸ் டியூலர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை, அதாவது ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை, ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான்; பயிற்சி பெற்றவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம் ஆகிறது. இதை எங்களை ஓடவைத்தே காட்டினார்கள். எதிரியாக ஓடியவர் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். அவரே எங்களில் பாதிப்பேரைத் தொட்டுவிட்டார்! இடுப்பில் ஆயுதம் இருந்தும் பயன்படவில்லை. யார் முதலில் கவனித்தார், எவ்வளவு தூரத்தில் கவனித்தார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அதனால்தான் கூப்பரின் நிற வரிசைக்கு வகுப்பில் அத்தனை மதிப்பு. வெள்ளை என்றால் சுற்றுப்புறத்தையே அறியாத நிலை. மஞ்சள், பதற்றமில்லாத விழிப்பு. ஆரஞ்சு, குறிப்பிட்ட ஒன்று நெருடலாகப் பட்டுவிட்ட நிலை. சிவப்பு, தேவையானால் மோதத் தயார். நாள் முழுக்க மஞ்சளில் இருக்கப் பழகு, வெள்ளையில் வெளியே நடக்காதே என்றார்கள். கைபேசியில் முகம் புதைத்து நடக்கும் நம் காலத்துக்கு இது கொஞ்சம் கடுமையான கட்டளைதான்.

அடுத்தது, வீடு போல அமைத்த கூடம். கதவு கதவாகத் திறந்து போக வேண்டும். உள்ளே காகித மனிதர்கள். ஒருவர் கையில் துப்பாக்கி, இன்னொருவர் கையில் கைபேசி, மூன்றாமவர் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிற்கும் தாய். அரைநொடியில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். திடலில் ஒரே ஓட்டையில் குண்டு குண்டாய்ச் செருகிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கைபேசிக்காரரைச் சுட்டுவிட்டார். ஆசிரியர் திட்டவில்லை. அந்தக் காகிதத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, மாலைவரை சுமக்கச் சொன்னார். எனக்கு அந்தத் தண்டனை மிகவும் சரியாகப் பட்டது. சுட்டபின் போலீஸ் விசாரணை, வழக்கறிஞர் செலவு, எதிர்த்தரப்புக் குடும்பத்தின் நஷ்டஈட்டு வழக்கு என்று ஒரு மாலை முழுக்கச் சட்டப் பாடமும் நடந்தது. வகுப்பு முடியும்போது, சண்டையை முளையிலேயே தவிர்ப்பதற்கான காரணங்கள்தான் அதிகமாகச் சேர்ந்திருந்தன.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி: இங்கே பயன் என்ன? துப்பாக்கியாக ஒன்றுமில்லை, அந்தக் கனவை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரின் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டுவரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டின் கடும் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். குட்டி இந்தியா நகைக்கடை வாசலில் நீண்ட துப்பாக்கியோடு நிற்கும் காவலரை நாம் தினமும் பார்ப்பதால், ஏதோ விண்ணப்பித்தால் கிடைக்கும் சமாச்சாரம் போலத் தோன்றலாம். வீட்டுப் பாதுகாப்புக்கென்று சாதாரண ஆளுக்கு அது எட்டாக்கனி. போலித் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தக்கூட ஆயுதச் சட்டத்தில் 36ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று ஜெல் குண்டுத் துப்பாக்கியை இணையத்தில் வாங்கும் பெற்றோர் அதை ஒருமுறை படிக்க வேண்டும். ஊர் திரும்பும்போது நினைவுப்பொருளாக ஒரு தோட்டாவைக்கூடப் பையில் போடாதீர்கள். சட்டைப்பை, காலணி, பையின் மூலை எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டே விமான நிலையம் போங்கள். சுடுவதே பிடித்துப்போய்விட்டால் இங்கே விளையாட்டுச் சங்க வழி இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாத வயிற்றோடு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்ற நூர் சுர்யானி நம் நாட்டவர்தான்.

ஆயுதம் இல்லாமலே என்னோடு வந்தவை உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பை பறிப்பவர்கள் ஜார்ஜ் டவுனுக்குப் புதிதில்லை. பையைச் சாலைப் பக்கத்துத் தோளிலிருந்து மாற்றுவது, பின்னால் வேகம் குறையும் இயந்திரச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பது, அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் தூணுக்குச் சற்று விலகி நடப்பது ஆகியவை எனக்கு வழக்கமாகிவிட்டன. கணவருக்கு என்னோடு கடைத்தெருவுக்கு வருவதில் இப்போது அவ்வளவு உற்சாகம் இல்லை என்பது வேறு கதை.

அரை நாள் மருத்துவப் பாடம் இன்னும் உருப்படியானது. கையிலோ காலிலோ பீய்ச்சி அடிக்கும் இரத்தத்தை இறுக்குப் பட்டையால் நிறுத்துவது எப்படி என்று ஒருவர் மேல் ஒருவர் கட்டிப் பழகினோம். காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின் மேல் படாமல், இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் காரில் ஒரு பட்டை எப்போதும் இருக்கிறது.

அங்கே கற்ற தற்காப்புச் சட்டத்தை மட்டும் இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அரிசோனாவில், சட்டப்படி இருக்க உரிமையுள்ள இடத்தில் தாக்கப்பட்டால் பின்வாங்கியாக வேண்டும் என்ற கடமை இல்லை. நம் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைத் தருகின்றன. 99ஆம் பிரிவு அதற்கு வேலி போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. திருடன் ஓடிவிட்டபின் துரத்திப்போய் அடிக்கும் நம்மூர் வீரர்கள் இதைப் படித்துவிட்டு 999ஐ அழைக்கலாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விளம்பரத்தில் போடும் கட்டணத்தில் தோட்டா பெரும்பாலும் சேராது. முழு வகுப்புக்குப் பல நூறு தோட்டாக்கள் ஆகும். துப்பாக்கி வாடகை, இடுப்பு உறை, காதுமூடி, கண்ணாடி, வேட்டை உரிமம், பாலைவனத்துக்குப் போய்வரும் கார் எல்லாம் தனி. கோடையில் போகாதீர்கள், நண்பகலில் இரும்பைத் தொட முடியாது. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே என்றால் உங்களுக்கும் வசதி, உங்களை அழைத்துப்போகும் உறவினருக்கும் வசதி.